மரம் பார்த்த நோயாளி

கே: சர்க்கரை, பிரஷர், தூக்கமின்மை மூன்றும் எனக்கு உண்டு. மலைப்பக்கம் நடந்தால் நல்லது என்கிறார்களே, நிஜமா? – ஒரு வாசகர், ஒடுகத்தூர்

ப: வாசலில் ஜவ்வாது மலையை வைத்துக்கொண்டு தபாலில் விசாரிக்கிறீர்களே! நிஜம்தான். பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களின் குறிப்புகளை அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து 1984-இல் எழுதினார்: ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், காட்டமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. வெறும் பார்வைக்கே இவ்வளவு! 2019-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு, வாரம் 120 நிமிடம் பசுமையில் கழிப்பவர்கள் நலமாக இருப்பதாகச் சொல்கிறது. பிரித்துப் பிரித்தும் நடக்கலாம். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிற கால்கள் மற்ற நாளில் மலையடிவாரம் போகட்டும். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.