ஹல்துமுல்லையில் பின்னக் கழித்தல்: பாணை முன்வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வு

பின்னங்களைக் கழிப்பது எப்படி என்று பள்ளிக்கூடங்களில் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அது விளங்கிவிடும் அபாயம் இருப்பதால் இவ்வாய்வு அவசியமாயிற்று.

ஆய்வுப் புலம்: ஏ4 வீதியில் பலாங்கொடையைத் தாண்டிப் பெரகலைக்கு ஏறும் வழியிலுள்ள ஹல்துமுல்லை. ஆய்வுப் பொருள்: 450 கிராம் இறாத்தல் பாண் ஒன்று. ஆய்வு நிதி: கடைக் கொப்பியில் எழுதப்பட்டுள்ளது. வினா: வீட்டில் முக்கால் பாண் இருந்தது, மூன்றிலொரு பாண் சாப்பிட்டாயிற்று, மிச்சம் எவ்வளவு? (முக்காலில் மூன்றிலொன்று அன்று, முழுப் பாணில் மூன்றிலொன்று. இந்த வேறுபாடு பற்றித் தனி நூல் வரவிருக்கிறது.)

அ. பகுதிகள் ஒத்த பின்னங்கள். மேலே உள்ளதைக் கழித்தால் போதும். இதை வைத்து யாரும் கலாநிதியாக முடியாது என்பதால் விட்டுவிடுகிறோம்.

ஆ. பொ.ம.சி. மரபு. நான்குக்கும் மூன்றுக்கும் பொது மடங்குகளுட் சிறியது பன்னிரண்டு. பாணைப் பன்னிரண்டாக வெட்டு. ஒன்பது துண்டில் நான்கு போனால் ஐந்து. விடை 5/12. சரியான விடைதான். அதனால்தான் இம்மரபில் ஆய்வுக்கான சுவை குறைவு.

இ. நேர்க்கழிப்பு மரபு. இதை நிறுவியவர்கள் கடைசி வாங்கு உரையாசிரியர்கள். மேலதில் மேலதைக் கழி, கீழதில் கீழதைக் கழி என்பதே இவர்களின் சூத்திரம். மூன்றில் ஒன்று போனால் இரண்டு, நான்கில் மூன்று போனால் ஒன்று; விடை 2/1. அதாவது முக்கால் பாணில் வயிறாரச் சாப்பிட்ட பிறகு மேசையில் இரண்டு முழுப் பாண் இருக்கும் (கணிதக் கொப்பி, பின்மட்டை, பென்சில் பிரதி). இந்த மரபு மட்டும் நடைமுறைக்கு வந்திருந்தால் மாவின் விலையைப் பற்றி எந்த அரசாங்கமும் கவலைப்பட்டிருக்காது.

இன்னும் ஆழமாகப் போவோம். முக்காலில் காலைக் கழித்தால் 2/0. பூச்சியத்தால் வகுக்கலாகாது என்று ஆசிரியர்கள் தடுக்கிறார்கள். உரையாசிரியர்களோ பாண் எல்லையின்றிப் பெருகும் என்கிறார்கள் (மேற்படி, அழிறப்பரால் சிதைந்த பாடம், வலது ஓரம்). ஆனால் அரையில் காலைக் கழித்தாலோ மேலே பூச்சியம், கீழே சய இரண்டு. விடை வெறும் பூச்சியம். முக்கால் வைத்திருப்பவனுக்கு மேலும் சேரும், அரை வைத்திருப்பவனுக்கு உள்ளதும் போகும். உலக நடப்பை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன சமன்பாடு பொருளியல் துறையில் இன்னும் வரவில்லை (மேற்படிக்கு மேற்படி, தேத்தண்ணீர்க் கறைக்கு அடியிலுள்ள எழுத்தடுக்கு. ஒப்புநோக்குக: அண்ணனின் கொப்பி, அதைப் பார்த்தெழுதிய தம்பியின் கொப்பி, அதைப் பார்த்தெழுதிய தம்பியின் சினேகிதனின் கொப்பி. மூன்றிலும் ஒரே பிழை ஒரே இடத்தில் வருவதால் மூலபாடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது). வகுப்பறையில் இப்படிப் பார்த்தெழுதினால் முழங்காலில் நிற்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இதே காரியத்துக்கு முன்னாய்வுகளின் மீள்நோக்கு என்று ஓர் அத்தியாயமே ஒதுக்குகிறார்கள்.

ஈ. எகிப்திய மரபு. கி.மு. 1550 அளவில் ஆமெஸ் என்னும் எழுத்தர் படியெடுத்த றைண்ட் பப்பைரஸ் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. அதன் முதல் கணக்குகளே பாணைப் பத்துப் பேருக்குப் பிரிப்பதுதான். ஆகவே எமது ஆய்வுப் பொருளின் தொன்மை நிறுவப்பட்டது. அதன் இருபத்தோராம் கணக்கு, மூன்றில் இரண்டும் பதினைந்தில் ஒன்றும் சேர்ந்திருக்க, ஒன்று நிறைய இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறது. பதினைந்தில் நான்கு என்று நாம் சொல்லிவிடுவோம். ஆமெஸ் அதை ஐந்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று பிரித்துத்தான் எழுதுவார். துணைக் கணக்கைச் சிவப்பு மையில் போடுவது எகிப்திய எழுத்தர்களின் வழக்கம். எங்கள் ஊரில் சிவப்பு மைக்கு வேறு உபயோகம்.

உ. தூள் சிக்கல். பன்னிரண்டாக வெட்டும்போது தூள் உதிர்கிறது. ஆகவே பன்னிரண்டு துண்டையும் கூட்டினால் ஒன்று வராது. இதைப் பாடநூல்கள் மறைத்துவிட்டன. பழைய எண்சுவடிக்காரர்கள் முன்னேற்பாட்டோடு இருந்தார்கள்: முந்திரி 1/320, அதில் மறுபடி 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. எமது பாணில் முந்திரி 1.4 கிராம், கீழ்முந்திரி நாலரை மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. அது எறும்புகளின் ஆய்வுப் புலம்.

ஊ. நிறுவைக்கள மரபு. இதற்குப் பாடநூல் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கென்று ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கென்று இன்னொரு கழிவு. அதற்குப் பிறகும் குறித்த கிலோ எட்டினால் முழுப் பேர், அதாவது முழுநாட் கூலி; எட்டாவிட்டால் அரைப் பேர். 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா ஆனது. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, அதாவது இருபத்தைந்தில் இரண்டு பங்கு, போனால் 1,242. அந்தக் கூலியில் அரைப் பேர் என்றால் கணக்கு 675இலிருந்து தொடங்கும். சங்கத்துச் சந்தாவும் கடைக் கடனும் அதற்குப் பின்னால். மலையில் நிற்கும் அக்காமார் கூடையை இறக்கி வைப்பதற்குள் இதையெல்லாம் போட்டு முடித்துவிடுகிறார்கள், அதுவும் பொ.ம.சி. இல்லாமல். கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் பிழை இருந்தால் அங்கேயே சத்தம் கேட்கும். இவர்களுடைய பிள்ளைகளுக்குக் கழித்தல் ஏன் வரவில்லை என்று ஆராய்வதற்குத்தான் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வருகிறார்கள்.

பயிற்சி. கொழும்பிலிருந்து வந்தவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஆறு பேரின் பெயர் உள்ளது. ஒருவர் எழுதினார். ஒருவர் தட்டச்சு செய்தார். மூவர் பெயர் கொடுத்தனர். ஆறாமவர் துறைத் தலைவர். எழுதியவரின் பங்கைக் கழித்து, ஏனைய ஐவரின் பதவியுயர்வைக் காண்க. நேர்க்கழிப்பு மரபைப் பயன்படுத்தலாம்.