இடது சீட்டு அப்பா

மதுரை பைபாஸ் ரோட்டை ஒட்டிய தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். ஒரு பழைய ஆல்ட்டோ வரும். பால்காரர் சைக்கிள் அதை முந்திக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கில் மீசை அரும்பிய பையன். பக்கத்தில், ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியபடி ஒருவர் வேர்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் நம் கதாநாயகர். பையனுக்கு லைசென்ஸ் வந்து ஒரு மாதம் ஆகிறது. அவருக்குத் தூக்கம் போயும் ஒரு மாதம்தான் ஆகிறது.

டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் இருக்கும், விதியே அப்படி. வீட்டுக் காரில் அந்த வசதி கிடையாது என்பது இவருடைய மூளைக்குத் தெரியும், வலது காலுக்குத் தெரியாது. தூரத்தில் ஓர் ஆடு தென்பட்டால் போதும், கால் தானாக மிதிக்கும். இடப்பக்க மேட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டுகிறவன் பக்கத்து மேட் கடையிலிருந்து வந்த கருக்குக் கலையாமல் இருக்கிறது.

"டேய், ஆரன் அடி."

அடிக்கிறான்.

"எதுக்குடா இப்ப ஆரன்? பாவம், அந்தப் பெரியவரு பயந்துட்டாருல்ல?"

"நீங்கதானப்பா அடிக்கச் சொன்னீங்க."

"சொன்னா உடனே அடிச்சிருவியா? ஆளப் பாத்து அடிக்கணும். சரி, ரோட்டப் பாரு. என்னைய என்ன பாக்குற?"

இவரை வெறும் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இதே மனிதர், இதே பையன் ஒன்பதாவது படிக்கும்போது டியூஷனுக்குப் போக ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தவர். "எம் பையன் வண்டியில ஏறுனான்னா தண்ணி மாதிரி போவான்" என்று டீக்கடையில் பெருமையும் பேசியவர். ஹெல்மெட்? "பக்கத்துலதான போறான்!" லைசென்ஸ்? "அதெல்லாம் பதினெட்டு ஆனப்புறம் பாத்துக்கலாம்." 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 199அ என்று ஒரு பிரிவு வந்து உட்கார்ந்தது. பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இவ்வளவையும் பேப்பரில் படித்துவிட்டு அவர் செய்த ஒரே மாற்றம், பையனை மெயின் ரோட்டை விட்டுச் சந்து வழியாகப் போகச் சொன்னதுதான்.

பதினாறு வயதிலும் லைசென்ஸ் தருகிறார்களே என்பீர்கள். தருகிறார்கள், கியர் இல்லாத, 50 சி.சி.-க்கு மேற்படாத வண்டிக்கு. கடையில் அப்படியொரு வண்டியைத் தேடிப் பாருங்கள். பாத்திரக் கடை வாசலில் நிற்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். கூட இன்று 99.7 சி.சி.

பிறகு பையனுக்குப் பதினெட்டு முடிந்தது. எல்.எல்.ஆர். போட்டான், முப்பது நாள் காத்திருந்தான், காலை ஊன்றாமல் எட்டுப் போட்டான், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்காரக் காரை ஓட்டிக் காட்டினான், தேறினான். தபாலில் அட்டை வந்தது. அட்டை வந்த அன்று அப்பாவின் முகம் மாறியது. சட்டம் கூடாது என்று சொன்ன மூன்று வருடமும் தாராளமாகச் சாவியைக் கொடுத்தவர், சட்டம் சரி என்று சொன்ன நாளிலிருந்து சாவியை இடுப்பு வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். இந்த முரண்பாட்டை அவரிடமே கேட்டால், "ஸ்கூட்டர் வேற, கார் வேற" என்பார். இது எட்டு லட்ச ரூபாய் சமாச்சாரம் என்பது அதன் உள்பொருள். அந்த ஆல்ட்டோ எட்டு லட்சம் என்பது அவர் கணக்கு. சந்தையில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நிபந்தனைகள் சாப்பாட்டு மேஜையில் அறிவிக்கப்பட்டன. முதலாவது எல்லை: "காளவாசல் சிக்னலத் தாண்டக் கூடாது." அடுத்தது திருப்பம்: "ரைட்டுல திரும்புற வேலையே வேணாம்." நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் வலப்பக்கம் திரும்பும்போதுதான் எதிரே வரும் பஸ்ஸைக் கடக்க வேண்டும், அவருடைய பயத்துக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் யூ.பி.எஸ். என்ற பார்சல் கம்பெனி இதையே கொள்கையாக வைத்திருக்கிறது. அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் கூடியவரை இடது திருப்பமே வராதபடி வழி போட்டு எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார்கள். நம்மவரும் நோட்டில் வரைபடம் போட்டார். இடது, இடது, இடது, மறுபடி இடது, வீடு வந்துவிடும். இந்த வட்டத்துக்குள் ஒரு மருந்துக் கடை, ஒரு பிள்ளையார் கோயில், ஓர் அயர்ன் கடை தவிர எதுவும் இல்லை. பையன் ஒரே வாரத்தில் மூன்று தடவை அயர்ன் கடைக்குக் காரில் போனான்.

நேரக் கட்டுப்பாடு இன்னும் நுட்பமானது. காலையில் ஸ்கூல் வேன்கள், கூடாது. பிறகு ஆபீஸ் நேரம், கூடாது. உச்சி வெயிலில் டயர் வெடிக்கும், கூடாது. சாயங்காலம் டிராபிக், இரவு கேட்கவே வேண்டாம். கழித்துப் பார்த்தால் பகல் இரண்டரையிலிருந்து நாலு வரை மிஞ்சும். அதிலும் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், வியாழக்கிழமை மூன்றுக்குத்தான் முடியும். அம்மா ஒரு நாள் கணக்குப் போட்டுச் சொன்னார்: "என்னங்க, இவன் ஓட்டுறதுக்குள்ள வண்டி பழசாயிரும்." "ஆகட்டும்" என்றார்.

சிரிக்கலாம்தான். ஆனால் இரண்டு விதிகளில் இந்த மனிதர் உலக அறிவை எட்டிப் பிடித்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: இருட்டில் ஓட்டாதே, நண்பர்களை ஏற்றாதே. 1987-இல் நியூசிலாந்து இந்த இரண்டையும் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அங்கே புது லைசென்ஸ்காரர் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை தனியாக ஓட்ட முடியாது, அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் சிநேகிதர்களை ஏற்றிக்கொள்ளவும் முடியாது. 1996-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதுபோல் படிப்படியாக லைசென்ஸ் தர ஆரம்பித்தது, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. வட அயர்லாந்தில் டெஸ்டில் தேறிய பிறகும் குறைந்தது ஓராண்டுக்கு 'ஆர்' போர்டு மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். நம் நாட்டில் சிவப்பு 'எல்' போர்டைக் கழற்றிவிட்டால் அதற்குமேல் படி கிடையாது. லைசென்ஸ் கைக்கு வந்த அன்று இரவே, நாலு சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்கு விடலாம். சட்டம் ஒன்றும் கேட்காது. சட்டம் வைக்காத அந்த நடுப்படியில்தான் நம் அப்பா பனியனோடு நின்றுகொண்டிருக்கிறார்.

காரணம் கேட்டால்தான் ஏமாந்து போவோம். சகவயதுக்காரர்கள் கூட இருந்தால் இளைஞர்கள் கூடுதலாகத் துணிவார்கள், விபத்தும் கூடும் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது. இவர் சொன்ன காரணம்: "கண்டவனும் ஏறி சீட்டக் கிழிச்சிருவான்." இருட்டுக்குச் சொன்ன காரணம்: "ஹெட்லைட் பல்பு என்ன வெல தெரியுமா?"

அவர் அனுமதித்த ஒரே பயணி அப்பத்தா. கிழவியை ஏற்றிக்கொண்டு போவதில் பையனுக்கு மறுப்பில்லை. ஆனால் அப்பத்தா திரும்பி வந்ததும் வராண்டாவில் ரகசிய விசாரணை நடக்கும். "எங்கிட்டு போனான்? எத்தன பேரு ஒதுங்குனாக?" அப்பத்தா பேரனிடம் ஜிகர்தண்டா வாங்கிக் குடித்த நாட்களில் அறிக்கை நல்லபடியாக இருக்கும்.

போன் விஷயம் தனி அத்தியாயம். வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது என்பது அவர் வகுத்த சட்டம். மிக நல்ல சட்டம். பையன் அதை மதிக்கிறானா என்று சோதிக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவரே போன் அடிப்பார். எடுத்தால், "ஓட்டும்போது போன் எடுக்குறியா? அறிவிருக்கா?" எடுக்காவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் தேடக் கிளம்பிவிடுவார், ஹெல்மெட் இல்லாமல், ஒரு கையில் போனைக் காதில் வைத்தபடி. பையன் வாட்ஸ்அப்பில் தான் இருக்கும் இடத்தைப் பகிர்ந்துவிட்டான். அதிலும் நிம்மதி இல்லை. வரைபடத்தில் நீலப் புள்ளி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது. பெரும்பாலும் அயர்ன் கடை.

பெட்ரோல் ஒரு தடவைக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் இல்லை, அதாவது இரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஓடிய கிலோமீட்டர் தினசரிக் காலண்டர் தாளில், ராசிபலனுக்குக் கீழே குறிக்கப்படும்.

இவ்வளவு கட்டுப்பாட்டையும் பார்த்துப் பையனுக்காகப் பரிதாபப்படுகிறவர்கள் அந்த வீட்டில் இன்னொரு ஆளை மறந்துவிடுகிறார்கள். பையனுக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். இருபத்தொரு வயது. டெஸ்டில் முதல் தடவையே தேறியவள். அவளுக்கு எல்லையும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை, கிலோமீட்டர் கணக்கும் இல்லை. சாவியே இல்லை. "ஒனக்கு எதுக்கும்மா சிரமம், தம்பி கொண்டுபோய் விடுவான்ல" என்று அதைப் பாசம்போலச் சொல்வார். அவள் டெஸ்டில் தேறியபோது அந்தத் தம்பி பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தான். லைசென்ஸ் உள்ளவள் பின்னால் உட்கார, இல்லாதவன் ஸ்கூட்டர் ஓட்டி அவளைக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான். இதில் வேடிக்கையாக எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

விஷயம் வெடித்தது ஒரு கல்யாண மண்டபத்தில். அப்பா பந்தியில் பாயசத்துக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. பாஸ்டேக்கில் பணம் கழிந்திருக்கிறது. இடம், கப்பலூர் சுங்கச்சாவடி. வண்டி விருதுநகர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது! பாயசம் அப்படியே நின்றது. போன் அடித்தார், பையன், சட்டத்தை மதிப்பவன், எடுக்கவில்லை. பகிர்ந்த நீலப் புள்ளியையும் காணோம். சில மணி நேரம் கழித்து, எதிர்த்திசையில் கழிந்த பணத்துக்கு இரண்டாவது எஸ்.எம்.எஸ். வந்தபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. சுங்கக் கட்டணம் கழிந்ததற்காகச் சாமிக்குக் கைகூப்பிய மனிதரை அன்றுதான் மண்டபத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

பையன் சிநேகிதர்களோடு விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா தின்னப் போயிருக்கிறான். பெட்ரோலை நாலு பேரும் பங்கு போட்டிருக்கிறார்கள்.

"காளவாசலத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"தாண்டலப்பா."

"விருதுநகர் போயிட்டு வந்துருக்க!"

"பழங்காநத்தம் வழியா போனேன். காளவாசல் அந்தப் பக்கம் இருக்கு."

பொன்மேனியில் வீட்டை வைத்துக்கொண்டு, பைபாஸ் ரோட்டின் ஒரு முனையை மட்டும் அடைத்துவிட்டு மறுமுனையைத் திறந்து விட்டதில் பையன் குற்றம் என்ன இருக்கிறது?

ஆனால் அப்பா அப்படிப் பார்க்கவில்லை. "லைசென்ஸக் குடு" என்றார். வாங்கி, பீரோவில் தன் லைசென்ஸ் இருந்த உறைக்குள் சொருகப் போனார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் அந்தப் பழைய அட்டையைக் கையில் எடுத்தாள். 2002-இல், இருபத்தாறு வயதில் எடுத்தது. அந்தக் காலத்து விதிப்படி இருபது ஆண்டு செல்லும். 2022-இலேயே தீர்ந்துவிட்டது.

"அப்பா, இது காலாவதியாகி மூணு வருசமாச்சு."

அவர் கண்ணாடியைத் தேடினார். போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தேதி மாறவில்லை. மூன்று வருடமாகக் காளவாசலையும் கோரிப்பாளையத்தையும், ஒரு தடவை கொடைக்கானல் மலையையும் லைசென்ஸ் இல்லாமல் சுற்றியவர் அவர்தான். சட்டப்படி அந்தக் காரை ஓட்டத் தகுதி உள்ளவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர்: காளவாசலைத் தாண்டக் கூடாத மகன், சாவியைத் தொடக் கூடாத மகள்.

அவர் இப்போது டெஸ்டுக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கிறார். மகள் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து போய்வருகிறார். அங்கே மிதிப்பதற்கு மேட் கூடப் போடவில்லை.

வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை இருக்கும் அப்பாமார்களே, நிபந்தனைகளை அறிவிக்குமுன் உங்கள் லைசென்ஸைக் கொஞ்சம் எடுத்துத் தேதியைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழும் வேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் போயிருந்தால், உங்கள் பிள்ளை தேறிய அதே டெஸ்டில் நீங்களும் தேறினால்தான் புதுப்பித்துத் தருவார்கள்.