இரண்டு வயது ராஜாங்கம்: கேள்வி – பதில்

நடக்கத் தொடங்கிய குழந்தைகளின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் முழு இடமும்.

என் மகனுக்கு ஒன்றரை வயது. காலையில் கண் விழித்ததும் ஓட ஆரம்பித்தால் ராத்திரி வரை நிற்பதில்லை. பிடித்து உட்கார வைக்க ஏதாவது வழி உண்டா?
– ஒரு தாய், தூத்துக்குடி

வழி இல்லை; தேவையும் இல்லை. இந்த வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் மகன் அதைப் படிக்காமலேயே அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறான். சாயங்காலம் கடற்கரைக்கோ பூங்காவுக்கோ கூட்டிப் போய் ஆசை தீர ஓட விடுங்கள். வெளியே ஓடாமல் பாக்கி வைத்த ஓட்டத்தைத்தான் வீட்டுக்குள் கட்டில் மேலும் சோபா மேலும் ஓடித் தீர்க்கிறான்.

மத்தியானத் தூக்கத்தை நிறுத்திவிட்டால் ராத்திரி சீக்கிரம் தூங்குவாளா?
– ஒரு தந்தை, ஓசூர்

தூங்க மாட்டாள், சிணுங்குவாள். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தைக்குத் தூக்கம் லேசில் பிடிக்காது. ஒன்று முதல் இரண்டு வயது வரை பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். பகல் தூக்கம் இருக்கட்டும். பொழுது சாய்வதற்குள் எழுப்பிவிடுங்கள். அவள் தூங்கும் அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கக் கிளம்பாமல் வீட்டில் இருப்பவரும் கொஞ்சம் கண்ணயரட்டும். பாத்திரம் எங்கும் ஓடிப்போகாது.

ஒரு கிண்ணம் பருப்புச் சோறு ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நாலு வாய் வாங்கிவிட்டு ஐந்தாவது வாயைத் துப்புகிறான். முதல் வயதில் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைக்கு என்ன ஆயிற்று?
– ஒரு பாட்டி, மன்னார்குடி

ஒன்றும் ஆகவில்லை பாட்டி, வளர்ச்சியின் வேகம் குறைந்திருக்கிறது. பிறந்த எடை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். இரண்டாவது ஆண்டு முழுக்கச் சேர்ந்தாலும் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். உடம்பு கேட்பது குறைந்தால் வயிறும் குறைவாகத்தான் கேட்கும். ஓடியாடுகிறான், டாக்டரிடம் காட்டும்போது எடையும் சரியாக இருக்கிறது என்றால் நாலு வாய் போதும். கிண்ணத்தோடு மாடிப்படி வரை துரத்த வேண்டாம்.

எல்லோரும் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு சின்னத் தட்டு வையுங்கள். அவனே பிசையட்டும். கொஞ்சம் வாய்க்குப் போகும், கொஞ்சம் காதுக்குப் போகும், நெய்யெல்லாம் தலைமுடிக்குப் போகும். பெரிய பேரனுக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும்கூடப் பங்கு கிடைக்கும். பாண்டியன் அறிவுடை நம்பி இந்தக் காட்சியைத்தான் புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் பாடினான். நெய்ச்சோற்றை அள்ளி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாவிட்டால், எத்தனை செல்வம் இருந்தும் வாழ்ந்த நாளுக்குப் பயனில்லை என்பது அந்த அரசனின் முடிவு. உங்கள் வீட்டுத் தரையைத் துடைக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறாள். என்ன செய்ய?
– ஒரு தாய், திருப்பூர்

போனை அணையுங்கள். முதல் மூன்று நாள் அழுகை இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல். திரையைப் பார்த்துச் சாப்பிடும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. மொட்டைமாடி, காக்கா, தெருவில் போகும் மாடு, நிலா எல்லாம் இன்னும் இலவசம்தான்.

ஸ்பூனைக் கீழே போடுகிறான். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுகிறான். என்னைக் குனிய வைத்து வேடிக்கை பார்க்கிறானா?
– ஒரு தாய், காரைக்குடி

ஆராய்ச்சி செய்கிறான். சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் பக்கத்திலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர். அவருடைய மகனும் இதே வேலையைத்தான் செய்தான்: கையை மேலே தூக்கிப் போடுவது, பக்கவாட்டில் நீட்டிப் போடுவது, எங்கே விழுகிறது என்று பார்ப்பது. உங்கள் மகனையும் ஒரு தடவை உற்றுக் கவனியுங்கள். ஸ்பூனை விட்டதும் முதலில் தரையைப் பார்ப்பான், அப்புறம்தான் உங்கள் முகத்தைப் பார்ப்பான். எப்படி விழுகிறது, அம்மா என்ன செய்கிறாள் என்று இரண்டு பாடம் ஒரே நேரத்தில் நடக்கிறது. எவர்சில்வர் ஸ்பூன் கொடுங்கள். கண்ணாடி டம்ளரைப் பரணில் ஏற்றுங்கள்.

எதைக் கேட்டாலும் “வேணாம்” என்கிறாள். பிடித்த லட்டுவுக்கும் “வேணாம்” சொல்லிவிட்டு அப்புறம் அழுகிறாள்.
– ஒரு தந்தை, சேலம்

தனக்கென்று ஒரு விருப்பம் இருப்பதைப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அதை எல்லா இடத்திலும் சொல்லிப் பார்க்கிறாள். “சட்டை போட்டுக்கலாமா?” என்று கேட்காதீர்கள். “சிவப்புச் சட்டையா, மஞ்சள் சட்டையா?” என்று கேளுங்கள். எதைச் சொன்னாலும் சட்டை போட்டாயிற்று, முடிவெடுத்த பெருமையும் அவளுக்குக் கிடைத்தது.

கடைவீதியில் பொம்மை கேட்டு மண்ணில் புரண்டு அழுகிறான். நாலு பேர் பார்க்கிறார்கள், மானம் போகிறது.
– ஒரு தாய், திருநெல்வேலி

அந்த நாலு பேரும் இதே வயதில் இதே போலப் புரண்டவர்கள்தான். ஆசையை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். கல்யாண வயது வரை நடக்கும் வேலையை இரண்டு வயதில் எதிர்பார்க்க முடியாது. ஓரமாகத் தூக்கிப் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, “உனக்கு அந்தப் பொம்மை வேணும், இல்லையா? இன்னைக்கு வாங்கல” என்று மெதுவாகச் சொல்லி, அழுது முடிக்கும் வரை கூடவே இருங்கள். அடிக்க வேண்டாம். அழுகையை நிறுத்தப் பொம்மை வாங்கியும் கொடுக்க வேண்டாம். ஒரு தடவை கொடுத்தால் அடுத்த கடையிலும் மண் தயாராக இருக்கும்.

“பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடிச்சுக்கும்” என்று சொன்னால் உடனே அடங்கிவிடுகிறான். சொல்லலாமா?
– ஒரு தாத்தா, வேலூர்

வேண்டாம் தாத்தா. திருவிழாக் கூட்டத்தில் பேரன் கையை விட்டுவிட்டால், அவன் தேடிப் போக வேண்டியது அந்தக் காக்கிச் சட்டையைத்தான். ஊசி போடுவேன் என்று டாக்டரையும் வம்புக்கு இழுக்காதீர்கள். உதவிக்கு வருகிறவர்களைக் கண்டு பிள்ளை பயப்படக் கூடாது.

சக்கரம் வைத்த, உட்கார்ந்து நகரும் வாக்கர் வாங்கலாம் என்கிறேன். மாமியார் மர நடைவண்டிதான் என்று பிடிவாதம் பிடிக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

மாமியார் சொல்வதுதான் சரி. வாக்கரில் உட்காரும் குழந்தை சீக்கிரம் நடப்பதில்லை. படியில் உருண்டு விழுவதுதான் அதிகம். கனடா 2004-இல் அவற்றின் விற்பனையையே தடை செய்தது. நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளி நடக்கிறது. கூடவே ஒரு பெரியவர் குனிந்தபடி போக வேண்டும். அந்தப் பொறுப்பை மாமியாருக்கே கொடுங்கள், சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்.

வீடு திடீரென்று அமைதியானால் வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு மட்டும்தானா?
– ஒரு தாய், சென்னை

எல்லோருக்கும்தான். உடனே எழுந்து போய்ப் பாருங்கள். பல நாள் அரிசி டப்பா கவிழ்ந்திருக்கும், முகமெல்லாம் பவுடர் இருக்கும், சிரித்துவிட்டுப் பெருக்குங்கள். ஆனால் சில விஷயங்களில் விளையாட்டே கூடாது. குளியலறை வாளியில் ஒரு சாண் தண்ணீர்கூட ஆபத்து, கவிழ்த்து வையுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் மூச்சுக்குழாயை அடைக்கும். மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில் எதையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108 எண் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

வேலை முடிந்து வந்தால் மகனோடு இருக்கக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். அதில் நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு தந்தை, மதுரை

நிறைய. குளிப்பாட்டுங்கள், சோறு ஊட்டுங்கள், முதுகில் ஏற்றி யானை விளையாடுங்கள். போன் அலமாரியில் இருக்கட்டும். சேட்டை என்று நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் படிப்பு. கூட உட்கார ஒரு ஆள் கிடைத்தால் அவனுக்கு வேறு பொம்மையே தேவையில்லை. பகல் முழுக்க அவன் பின்னால் ஓடிய உங்கள் மனைவி அந்த ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்து, ஒரு காபியைச் சூடு ஆறுவதற்குள் குடிக்கட்டும். இதைப் படிக்கிற அப்பாக்கள் எல்லோரும் இன்று மாலையே தொடங்குங்கள்.