அம்மி பறக்காத காற்றில்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் தாயில்பட்டிப் பக்கம் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. தகரக் கூரை பறந்து பார்த்திருக்கிறேன். கொடியில் காயப்போட்ட வேட்டி ஊர் எல்லை தாண்டிச் சீமைக் கருவேல முள்ளில் போய்ச் சொருகிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன பெருமை இருக்கிறது? காற்று தூக்குகிறது, சாமான் போகிறது. வேப்பமரத்து இலைகூட அசையாத பங்குனிக் காலையில், நாலைந்து அம்மி கனமுள்ள ஒரு சாமானைத் தானே தச்சு, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்து, மேலே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, கை கால் குறையாமல் இறங்கி வருகிறானே ஒருத்தன், அவனிடம்தான் வித்தை இருக்கிறது.

வானத்துக்குச் சாமான் அனுப்புவது எங்கள் வெம்பக்கோட்டை வட்டாரத்தின் தொழில். ஒரு குழாய், கொஞ்சம் மருந்து, ஒரு திரி, ஒரு குச்சி. குச்சி நேராக இருந்தால் ராக்கெட் நேராகப் போகும். கோணினால் எதிர்வீட்டு மாடிக்குப் போகும். அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்தது. போனது திரும்பி வந்தால் அது கம்ப்ளெயின்ட். (வேண்டாத நேரத்தில் ஒரு சத்தம் கேட்டால் இங்கே எந்த வீட்டிலும் அன்றைக்கு அடுப்பெரியாது. அதை இன்னொரு நாள் எழுத வேண்டும், இந்தக் குரலில் அல்ல.)

பறப்பதில் தமிழனுக்குப் பழைய அனுபவம் உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்று ஒரு ராஜா. மனைவி விசயைமேல் உள்ள பிரியத்தில் நாட்டைக் கட்டியங்காரன் என்கிற மந்திரியிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்தோடு இருந்துவிட்டார். சாவியைக் கணக்குப்பிள்ளை கையில் கொடுத்த முதலாளிக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ராணிக்குக் கெட்ட கனவு வர, ராஜா முழித்துக்கொண்டார். படை திரட்டினாரா? இல்லை. தச்சனைக் கூப்பிட்டு ஒரு மயிற்பொறி செய்யச் சொன்னார். வலப்பக்கம் முறுக்கினால் ஏறும், இடப்பக்கம் முறுக்கினால் இறங்கும். நிறைமாதக் கர்ப்பிணி அதில் ஓட்டப் பழகினாள். அரண்மனையைப் படை சூழ்ந்த அன்று அவளை ஏற்றி அனுப்பிவிட்டு ராஜா சண்டைக்குப் போய்ச் செத்தார். எதிரியின் வெற்றி முரசு காதில் விழுந்து வானத்திலேயே அவள் மயங்கினாள். மயில் தானாக இறங்கியது. இறங்கிய இடம் சுடுகாடு. பிள்ளையும் அங்கேயே பிறந்தது.

ஓட்டுகிறவள் மயங்கிய பிறகும் தானாக இறங்குகிற வண்டியைத் திருத்தக்கதேவர் எழுதிவிட்டார். எழுதினாரே தவிர, இதுதான் தொழில்நுட்ப நூல், மயிலின் அளவு இத்தனை முழம் என்று அளக்கவில்லை. பழங்கால விமான நூல் என்று சொல்லிக்கொண்ட வைமானிக சாஸ்திரம் அந்தக் காரியத்தையும் செய்தது. 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் உட்கார்ந்து படித்து, நூல் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு, அதில் உள்ள படத்தைப் பார்த்துக் கட்டினால் எதுவும் எழும்பாது என்று எழுதி வைத்தார்கள். மயிலை யாரும் அப்படிச் சோதிக்கவில்லை. கவிஞர்கள் தப்பிப்பது இப்படித்தான்.

நிஜமான பறப்புக்கு வருவோம். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று முதல் தடவை பறந்தது 12 விநாடி, 120 அடி. அன்றைக்கே நாலாவது தடவையில் 59 விநாடி வரை போய்விட்டார்கள். அப்புறம் விமானத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு காற்று அடித்தது. பறந்த சாமான் உருண்டு நொறுங்கிப்போனது. பறக்கும்போது தப்பியதை நிற்கும்போது காற்று தின்றது. அன்றிலிருந்து விமானம் கட்டியவன் எவனும் எழுந்ததும் முதலில் முகம் கழுவுவதில்லை, மரத்து இலையைப் பார்க்கிறான்.

காற்றில்லாத நேரத்தைத் தூங்கித் தொலைத்தவரும் ஒருத்தர் உண்டு. ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டினால் ஆயிரம் பவுன் என்று லண்டன் பத்திரிகை ஒன்று அறிவித்திருந்தது. ஊபெர் லாதம் முதலில் கிளம்பி, எஞ்சின் நின்று கடலில் இறங்கினார். அடுத்த விமானத்தோடு காத்திருந்தார். 1909 ஜூலை 25 விடியற்காலையில் காற்று ஓய்ந்தது. லாதம் முகாம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. சில மைல் தள்ளி லூயி ப்ளேரியோ, முந்தைய பறப்பில் வெந்துபோன காலோடு நொண்டிக்கொண்டே வந்து ஏறி, நாலே முக்காலுக்கு முன்பே கிளம்பிவிட்டார். திசைகாட்டிகூட இல்லை. 37 நிமிஷத்தில் டோவரில் விழுந்தார். இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்காக. எங்கள் ஊரில் விடியலுக்கு முன்னால் எழுந்து வேலை வண்டி பிடிக்கிற எந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாலும் லாதமை எழுப்பிவிட்டிருப்பாள்.

ப்ளேரியோ பறந்த செய்தி மதராசுக்கு வந்தபோது அதைக் கையில் பிடித்தவர் ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ். மத்தியதரைக் கடல் தீவுக்காரர். தொழில், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல். துரைமார்களுக்கு விருந்து சமைத்துப் பேர் வாங்கியவர். கல்லாப்பெட்டியும் அடுப்பும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒருநாள் காலையில் பறக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. படத்தைத் தானே போட்டார். அதை எடுத்துக்கொண்டு சிம்ப்சன் பட்டறைக்குப் போனார். 1840-லிருந்து குதிரைக் கோச்சு கட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது. ஒரு ஹோட்டல்காரர் வரைந்ததை ஒரு கோச்சுப் பட்டறை கட்டியது என்றால், அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குக் கற்பனை ஓடுகிறது.

“துரை, இந்தக் கட்டை தாங்காது. இன்னும் ரெண்டு விரல் கூடப் போடலாம்.”

“வேணாம் மேஸ்திரி, கனம் ஆகக் கூடாது.”

“சக்கரம் இருக்கு, சரி. குதிரையை எங்க பூட்டுறது?”

“குதிரை எஞ்சினுக்குள்ள இருக்கு.”

“பாவம், அதுக்குக் காத்து வேணாமா?”

இது நான் கட்டியது. அவர்கள் விமானத்தை நிஜமாகவே கட்டினார்கள். சின்ன எஞ்சின்தான். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் டி ஆஞ்சலிஸ் அதைப் பறக்கவிட்டார். ப்ளேரியோ டோவரில் விழுந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டல்காரர் அல்லவா, அடுத்த வேலையாகச் சனங்களைக் கூட்டி டிக்கெட் போட்டார். நம்பாதவர்களுக்காகக் கூட்டத்திலிருந்தே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பறந்து காட்டினார் என்றும் சொல்வார்கள். அந்த ஆள் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்க மாட்டான் என்பது என் துணிபு.

லைசென்ஸ்? யார் கொடுப்பது? எங்களுக்கு 1884-லேயே வெடிமருந்துச் சட்டம் போட்டுவிட்டார்கள். பறப்பதற்கு அப்போது சட்டமே கிடையாது. அவர் பறந்த மறுவருஷம், 1911-ல்தான் இந்திய ஆகாயக் கப்பல் சட்டம் வந்தது. ஒருத்தன் சந்தோஷமாக இருப்பது சர்க்காருக்குத் தெரிய ஒரு வருஷம் பிடித்திருக்கிறது. இப்போது அத்தனை தாமதம் இல்லை.

இத்தனை செய்தும் மனிதருக்குச் சரித்திரத்தில் கிடைத்தது கால் பக்கம். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்கிற பிரெஞ்சு வாலிபர் ஆறாயிரத்து ஐந்நூறு கடிதத்தை வைத்துக்கொண்டு யமுனையைத் தாண்டி நைனியில் கொண்டுபோய்ப் போட்டார். ஆறு மைல் தூரம். உலகத்தின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் என்று அதற்குத் தபால்தலை, நூற்றாண்டு விழா எல்லாம் உண்டு. கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் என்று ஒரு ராக்கெட் பிரியர். எங்கள் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க ரயிலேறிப் போனார்களே, அதே கல்கத்தா. ஸ்மித் 1935-ல் ஒரு ராக்கெட்டில் சேவல் ஒன்றும் கோழி ஒன்றும் அடைத்துத் தாமோதர் ஆற்றைத் தாண்டி அனுப்பினார். இரண்டும் உயிரோடு இறங்கின. மிருகக்காட்சி சாலையில் ராஜமரியாதை. ஆக, பறக்கிறவன் கடிதாசி சுமக்க வேண்டும், இல்லை கோழியாவது சுமக்க வேண்டும். விசயைகூட வயிற்றில் ஒரு காவிய நாயகனைச் சுமந்ததால்தான் பாட்டில் ஏறினாள். சும்மா, ஆசைக்குப் பறந்தவன் பெயரை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

சும்மா பறந்தவர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. சாந்தோஸ் துமோன். பிரேசில் காப்பித் தோட்டத்து வீட்டுப் பிள்ளை, வாசம் பாரிசில். குட்டி ஆகாயக் கப்பலில் வந்து தன் வீட்டு வாசலில் கட்டிப் போட்டுவிட்டு மாடியேறிக் காப்பி குடித்த மனிதர். நாம் மாட்டு வண்டியை அவிழ்த்துவிடுகிற மாதிரி. பிறகு ‘தெம்வாசேல்’ என்று ஒரு விமானம் கட்டினார். உடம்பு மூங்கில், இறக்கை பட்டுத்துணி, மொத்தமே நூற்றுச் சொச்சம் கிலோ. நம் ஊரில் பாடை கட்டுகிற சாமானில் பாதி அதில் இருந்தது. அதில் ஏறிச் சிநேகிதர் வீடுகளுக்குப் போய்வந்தார். காப்புரிமை எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள் என்று படத்தைப் பொதுவில் விட்டுவிட்டார்.

அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து ஆன்றி மின்யே என்கிற பிரெஞ்சுக்காரர், பெட்டி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் கட்டலாம் என்கிற தைரியத்தில் ‘வானத்துப் பேன்’ என்று ஒன்றைக் கட்டிப் புத்தகமும் போட்டார். ஐரோப்பா முழுக்கக் கொட்டகைகளில் சுத்தியல் சத்தம். மூக்கைக் கீழே குத்தினால் முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றையொன்று கெடுத்து, மறுபடி நிமிர முடியாது என்பது சிலர் செத்த பிறகுதான் காற்றுச் சுரங்கச் சோதனையில் தெரிந்தது. தடை போட்டார்கள். பெட்டி அடிப்பதில் எங்கள் வட்டாரம் யாருக்கும் சளைத்ததில்லை. அந்தப் புத்தகம் சிவகாசிக்கு வராமல் போனதற்கு மாரியம்மனுக்கு ஒரு நன்றி.

சரி, காற்றில்லாத காலையில் அப்படி என்ன இருக்கிறது? எங்கள் கரிசல் மண்ணைப் பார்த்தாலே விளங்கும். கறுப்பு மண் வெயிலைக் குடிக்கும். பத்து மணிக்கெல்லாம் சூடேறி, உலைநீர் கொதிக்கிற மாதிரி காற்று கீழிருந்து குமிழ் குமிழாக மேலே ஏறும். பருந்து அதில் இறக்கை அடிக்காமல் ஓசிச் சவாரி போகும். பெரிய விமானத்துக்கு அது கொசுக்கடி. மூங்கிலும் துணியுமாகக் கட்டிய சின்ன விமானத்துக்குக் கனம் கொஞ்சம், இறக்கை அகலம்; ஒவ்வொரு குமிழும் அதைத் தூக்கித் தூக்கிப் போடும், மண்பாதையில் மினிபஸ் போகிற மாதிரி. விடியற்காலையில் அந்தக் கொதிப்பு கிடையாது. ராத்திரி ஆறிய மண், அதன்மேல் அசையாமல் படுத்திருக்கும் குளிர்ந்த காற்று. அடுப்புப் புகை குச்சி நட்ட மாதிரி நேராக நிற்கும். அந்த நேரத்தில் பிடியை இரண்டு விரலால் தொட்டிருந்தால் போதும். கண்மாய்த் தண்ணீரில் பரிசல் போகிற மாதிரி போகும். கட்டினவனே ஓட்டினால் இன்னொரு சுகமும் சேரும். எந்தச் சத்தம் கேட்டாலும் அது எந்த மூட்டு என்று தெரியும். இந்தக் கிறீச், வியாழக்கிழமை பசை காய்வதற்குள் நான் அவசரப்பட்டது. அந்தக் கடகட, இரண்டாவது கம்பி. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன வீட்டில் படி ஏறுகிற சத்தத்தை வைத்தே இன்னார் என்று தெரிகிற மாதிரி.

டி ஆஞ்சலிசுக்குப் பல்லாவரத்தில் அப்படி ஒரு காலை கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். அன்றைய எஞ்சின்களுக்கு வேறு வழியும் இல்லை. பலத்த காற்றடித்தால் வண்டி பறந்த இடத்திலேயே நிற்கும். பல்லாவரத்துக்கு ஒட்டினாற்போல்தான் பிற்பாடு மீனம்பாக்கம் விமான நிலையம் வந்தது. இன்றைக்கு அங்கே உள்ளே போகவே அடையாள அட்டை கேட்கிறார்கள்.

இந்தக் கதையை டீக்கடையில் ஓர் அண்ணாச்சியிடம் சொன்னேன். பேன்சி ரகப் பட்டாசில் போர்மேனாக இருந்து ஓய்ந்தவர். வானத்துக்குப் போகிற எதையும் அவர் இலேசில் மெச்ச மாட்டார்.

“எவ்வளவு உசரம் போச்சு?”

“ரொம்ப உசரமெல்லாம் இல்லை, அண்ணாச்சி.”

“என்ன கலரு?”

“கலர் வராது.”

“கடைசியில வெடிச்சுதா?”

“வெடிக்கலை.”

“பெறகு என்னத்துக்குய்யா டிக்கெட்டு?”

நான் விடியற்காலை, அடங்கிய காற்று, இரண்டு விரல் என்று விளக்கினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“மேல போனாரு, சரி. எறங்குனாரா?”

“எறங்குனாரு அண்ணாச்சி. பெறகும் ஏறுனாரு, பெறகும் எறங்குனாரு.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒரே சாமானையா?”