சுவருக்கு வாடகை

டோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் பல சின்ன கேலரிகளில் படம் பார்க்கக் காசு கேட்பதில்லை. படம் காட்டத்தான் காசு.

ஏற்பாடு எளிமையானது. ஒரு சின்ன அறை. நான்கு வெள்ளைச் சுவர். திங்கள் முதல் சனி வரை ஒரு வாரம். வாடகை லட்சக்கணக்கில் யென். கட்டுகிறவர் ஓவியர். அழைப்பு அஞ்சலட்டை அச்சடிப்பவர் அவர். தபால்தலை ஒட்டுபவர் அவர். ஆணி அடிப்பதும், விளக்கைத் திருப்புவதும், சனிக்கிழமை மாலை ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைப்பதும் அவரே. கேலரிக்காரர் என்ன செய்கிறார்? சாவி கொடுக்கிறார். படம் விற்றால் அதில் கமிஷன் எடுக்கும் கேலரிகளும் உண்டு. சாவி கொடுத்த களைப்பு தீர வேண்டாமா?

இதற்கு 'வாடகை கேலரி' என்று பெயர். பல பத்தாண்டுகளாக நடக்கும் கௌரவமான தொழில். கலை பிடிக்கிறதோ இல்லையோ, வாடகை தவறாது. ஓவியம் விற்காவிட்டால் நஷ்டம் ஓவியருக்கு. விற்றால் பெருமை கேலரிக்கு. இப்படி ஒரு வியாபாரத்தை நம் ஊர் வட்டிக்கடைக்காரர் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுவார்.

உள்ளே தொங்குவது என்ன? முகத்தில் பாதியை அடைக்கும் கண்களோடு ஒரு பள்ளிச் சிறுமி. மிட்டாய் நிறத்தில் ஒரு பூதம். மண்டை ஓடு அணிந்த பூனை. மாங்கா படக்கதையிலும் அனிமே கார்ட்டூனிலும் வளர்ந்த தலைமுறை தனக்குத் தெரிந்த மொழியில் பேசுகிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சில படங்கள் அபாரம். சில படங்கள் பக்கத்து அறைப் படத்தின் தங்கைகள். எதுவானாலும், வரைந்தவர் இரவில் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம்தான் அந்த வாரச் சுவர்.

ஹராஜுகுவில் டிசைன் ஃபெஸ்டா கேலரி 1998 முதல் இதையே பட்டவர்த்தனமாகச் செய்கிறது. இடத்துக்கு இவ்வளவு, கட்டு. விற்றால் முழுப் பணமும் உனக்கு. அங்கே பாசாங்கு இல்லை. வாடகைக்கு விடுகிறவன் தன்னை வாடகைக்கு விடுகிறவன் என்றே சொல்லிக்கொள்கிறான். 'கலைச் சேவை' என்று வாடகை ரசீதில் எழுதும்போதுதான் நமக்கு எரிகிறது.

வாடகையோடு முடிந்தால் பரவாயில்லை. கேலரியில் ஓவியர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஓவியர் இளம்பெண் என்றால் ஒரு தனி இனம் வந்து சேரும். வயதில் மூத்த கனவான்கள். படத்தை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். வரைந்தவளை மூன்று மணி நேரம் பார்ப்பார்கள். தொலைபேசி எண் கேட்பார்கள். சாப்பிடக் கூப்பிடுவார்கள். அடுத்த கண்காட்சிக்கும் வருவார்கள். ஜப்பானில் இவர்களுக்கு 'கேலரி ஸ்டாக்கர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கும் அளவுக்குப் பெருகியிருக்கிறார்கள் என்று பொருள். வெளியே போ என்று சொல்லவும் முடியாது. படம் வாங்குகிறவராக இருந்துவிட்டால்? அறைக்கு வாடகை கொடுத்தவள் அந்த அறையிலிருந்து தப்பிக்க வழி தேடுகிறாள். இதையும் 'ரசிகர் சந்திப்பு' என்கிறார்கள்.

இனி மாடிக்குப் போவோம்.

ஓவியர் தகாஷி முரகாமி 2000இல் 'சூப்பர்ஃபிளாட்' என்று ஒரு கண்காட்சி வைத்தார், கொள்கை விளக்கமும் எழுதினார். ஜப்பானில் உயர்ந்த கலை, தாழ்ந்த கலை என்ற மேடு பள்ளம் கிடையாது. கோயில் திரையும் கார்ட்டூனும் ஒரே தட்டு என்பது அதன் சாரம். அழகான கொள்கை. எல்லாம் தட்டையாகிவிட்டது, விலைச்சீட்டைத் தவிர.

2007இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி. நடுவில் லூயி வுய்ட்டான் கைப்பை விற்கும் கடை. அருங்காட்சியகத்துக்குள் கடையா, கடைக்குள் அருங்காட்சியகமா என்று கேட்டவர்கள் பட்டிக்காட்டார் ஆனார்கள். 2008இல் 'மை லோன்சம் கௌபாய்' என்ற அவருடைய சிற்பம் சோத்பீஸ் ஏலத்தில் 1.52 கோடி டாலருக்குப் போனது. கார்ட்டூன் முகமுடைய நிர்வாண இளைஞன் கயிறு சுழற்றுகிறான். கயிறு எதனால் ஆனது என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. 2010இல் அவர் படைப்புகள் வெர்சாய் அரண்மனைக்கே குடியேறின.

முரகாமி கெட்டவர் இல்லை, கெட்டிக்காரர். அவருடைய முத்திரைப் பாத்திரம் 'மிஸ்டர் டாப்'. மிக்கி மவுஸின் காதும் டோரேமோனின் ஜாடையும் கலந்த பிள்ளை. குழந்தைகள் உடை நிறுவனம் ஒன்றின் எலிப் பாத்திரத்தில் அந்தப் பிள்ளையின் ஜாடை தெரிகிறது என்று அந்த நிறுவனத்தின் மீது அவர் வழக்குப் போட்டார். 2006இல் பணம் வாங்கிச் சமரசம் ஆனது. இரவல் வாங்கிய சட்டைக்குக் காப்புரிமை. ஒரே தட்டு என்ற கொள்கை நீதிமன்ற வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்பட்டது.

சுவரில் தொங்கும் அந்தப் பெரிய கண்களைத் திரைக்கு வரைந்தவர்கள் யார்? அனிமே பட்டறைகளில் குனிந்து உட்கார்ந்தவர்கள். அவர்களுடைய சங்கம் 2009இல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. இருபதுகளில் இருக்கும் அனிமேஷன் கலைஞரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். அந்த வருமானத்தில் கின்சா சுவரை எத்தனை வாரம் பிடிக்கலாம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பட்டினி கிடக்கலாம் என்றால் சில வாரம் கிடைக்கும்.

மறுபடி ஏலத்துக்கு வருவோம். ஓவியர் யோஷிடோமோ நாரா வரைந்த முறைக்கும் சிறுமி ஒருத்தி 2019இல் ஹாங்காங் ஏலத்தில் சுமார் 2.5 கோடி டாலருக்குப் போனாள். முதுகுக்குப் பின்னால் கத்தி வைத்திருப்பதாகப் படத்தின் தலைப்பு சொல்கிறது. யாரைக் குத்த என்று சொல்லவில்லை. படம் கைமாறி விலை ஏறும்போது வரைந்தவருக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்ற சட்டம் பிரான்சில் 1920 முதல் இருக்கிறது. ஜப்பானில் இல்லை. பாப் கலையால் உலகை வென்றதாக மார்தட்டும் நாட்டுக்கு அந்தப் பாப் கலைஞருக்கு ஒரு சதவீதம் எழுதிக் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை.

மார்தட்டல் என்றதும் அரசு நினைவுக்கு வராமல் இருக்குமா? 2009இல் பிரதமர் டாரோ அசோ மாங்காவுக்கும் அனிமேவுக்கும் ஒரு தேசிய மையம் கட்ட 1,170 கோடி யென் ஒதுக்கினார். 'அரசாங்க மாங்கா கஃபே' என்று எதிர்க்கட்சி சிரித்தது. ஆட்சி மாறியது. திட்டம் குப்பைக்குப் போனது. சிரித்தவர்களாவது ஓவியருக்கு ஏதாவது செய்தார்களா? சிரித்தார்கள். அதுவே பெரிது.

பிறகு 2013இல் 'கூல் ஜப்பான்' முதலீட்டு நிதி வந்தது. பெரும்பகுதி அரசுப் பணம். ஜப்பானின் கவர்ச்சியை உலகுக்கு விற்பது லட்சியம். கோலாலம்பூரில் ஜப்பானியப் பொருள்களுக்கென்றே ஒரு கடையில் முதலீடு. 2016இல் திறந்தார்கள். 2018இல் பங்கை விற்றுவிட்டு நழுவினார்கள். வெளிநாட்டாருக்கு ஒரு தொலைக்காட்சி அலைவரிசை, அதில் 440 கோடி யென். 2022 மார்ச்சில் ஒளிபரப்பு நின்றது. அதே மாத முடிவில் நிதியின் திரண்ட நஷ்டம் சுமார் 3,090 கோடி யென். வேறு அமைப்போடு இணையுங்கள் அல்லது மூடுங்கள் என்ற பேச்சு நிதியமைச்சகக் குழுவிலேயே எழுந்தது. மூடவில்லை. மறு ஆண்டு நஷ்டம் இன்னும் ஏறியது. கவர்ச்சி என்றால் இதுதான். பணம் தானாக ஓடிப்போகிறது.

கலைக்கு அரசு கொடுத்தது நஷ்டம் மட்டுமே என்று சொன்னால் அநியாயம். கைவிலங்கும் கொடுத்தது. ரோகுடெநாஷிகோ என்ற பெயரில் இயங்கும் கலைஞர் தன் பிறப்புறுப்பின் அச்சை எடுத்து, அதில் பொம்மை மனிதர்களை வைத்து, வண்ணம் பூசி வேடிக்கைச் சிற்பங்கள் செய்தார். டோக்கியோவில் ஒரு சின்னக் கடையில் அவை வைக்கப்பட்டன. அதே அச்சில் ஒரு படகும் செய்து, அதற்குப் பணம் கொடுத்தவர்களுக்கு முப்பரிமாண வரைவுக் கோப்பை அனுப்பினார். 2014 ஜூலையில் கைது. விட்டார்கள். டிசம்பரில் மறுபடி கைது. 2016இல் டோக்கியோ நீதிமன்றம் சிற்பங்களைப் பாப் கலை என்று சொல்லி விடுவித்தது. கோப்பு ஆபாசம் என்று 4 லட்சம் யென் அபராதம் போட்டது.

அதே நாட்டில் ஆண்டுதோறும் வசந்தத்தில், டோக்கியோவுக்குப் பக்கத்தில் கவாசாகியில் ஒரு திருவிழா நடக்கிறது. ஆணுறுப்பை ஆளுயரத்துக்குச் செய்து பல்லக்கில் தூக்கிப் போகிறார்கள். அதே வடிவில் மிட்டாய் விற்கிறார்கள். குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பல்லக்கில் போனால் பாரம்பரியம். ஏலத்தில் கயிறு சுழற்றினால் 1.52 கோடி டாலர். ஒரு பெண் தன் உடலைத் தானே அச்செடுத்தால் காவல் நிலையம். ஆபாசத்தை அளக்க அங்கே ஒரு அளவுகோல் இருக்கிறது. அது அளப்பது பையின் கனத்தை.

இப்போது ஒரு கணக்கு. கின்சாவில் சின்ன அறைக்கு வாரம் 2 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். கூல் ஜப்பான் நிதி 2022 மார்ச் வரை கரைத்த 3,090 கோடியில் அந்த அறையை 1,54,500 வாரம் எடுத்திருக்கலாம். ஏறத்தாழ 3,000 ஆண்டு. இயேசு பிறக்கத் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே கண்காட்சியைத் தொடங்கியிருந்தாலும் இன்னும் சாவியைத் திருப்பித் தர வேண்டியிருக்காது. அல்லது ஏறத்தாழ 3,000 இளம் ஓவியர்களுக்கு ஆளுக்கு ஒரு வருடம் இலவசச் சுவர்.

செய்ய மாட்டார்கள். ஓவியருக்குச் சுவர் கொடுத்தால் அது மானியம். உழைக்கும் குணம் கெட்டுவிடும். அதிகாரி ஆயிரக்கணக்கான கோடியைக் கரைத்தால் அது அனுபவம். அடுத்த முதலீட்டுக்கு உதவும். ஏல மண்டபத்து லாபத்தில் வரைந்தவருக்குப் பங்கில்லை. அரசு நிதியின் நஷ்டத்தில் மட்டும் தவறாமல் உண்டு. அவரும் வரி கட்டுகிறார்.