சகலையும் இரண்டு சாம்ராஜ்யங்களும்

சாம்ராஜ்யம் என்றால் சூரியன் அஸ்தமிக்காத விஸ்தீரணம் வேண்டும் என்று நினைப்பவர்கள், மாயவரத்திலிருந்து பஸ் ஏறித் தரங்கம்பாடியில் இறங்கி, அங்கிருந்து தெற்கே காரைக்காலுக்கும் போய்ப் பார்க்கவேண்டும்; காலைப் பலகாரத்துக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடையில் டென்மார்க்கையும் பிரான்ஸையும் தரிசித்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். இவ்வளவு சுலபமான தேசாந்தரத்துக்கு என் சகலையும் உடன் புறப்பட்டார். பிரெஞ்சு நாகரிகத்தில் தமக்கு வெகுகாலமாகவே சிரத்தை உண்டென்றும், ஆகையால் டேனிஷ்காரர்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்றும் அவர் பஸ்ஸிலேயே அபிப்பிராயப்பட்டார்.

ஆனால் டேனிஷ்காரர்கள் சுருக்கமாக முடிகிறவர்கள் அல்லர். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. டென்மார்க் அரசரே அனுப்பிவைத்து 1706-இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கை, அதே அரசரின் கொடியின்கீழ் உத்தியோகம் பார்த்த தளபதி, இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்து வைத்தார். மேலிடத்துச் சிபாரிசோடு வருகிறவரைக் கீழிடத்து அதிகாரி எவ்விதம் உபசரிப்பார் என்பது அக்காலத்திலேயே நிலைபெற்றுவிட்ட சம்பிரதாயம் போலும். வெளியே வந்த பாதிரியாரோ யார்மீதும் மனு எழுதிக்கொண்டிராமல், அச்சு யந்திரம் தருவித்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

வியாபாரம் நொடித்த பிறகு, 1845-இல், வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர் கப்பலேறினார்கள். இதைச் சொன்னதும் சகலை நின்றுவிட்டார்.

"கோட்டையோடு சேர்த்தா? இன்றைக்கு அந்தப் பணத்துக்குக் கடலோரத்தில் ஒரு கிரவுண்டு கிடைக்குமா, சொல்லும்!"

சரித்திரத்தில் அவர் காட்டிய உண்மையான துக்கம் அது ஒன்றுதான். பத்திரம், முத்திரை எதையும் சட்டை செய்யாத கடலோ, குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலில் பெரும்பகுதியைக் கிரயமில்லாமலே எடுத்துக்கொண்டுவிட்டது.

நண்டலாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சகலையின் முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால் அவர்களை விட்டுப் போன கதை விசித்திரமானது. 1954 அக்டோபரில் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகள், கல்யாணத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிற அளவு ஜனங்கள், வாக்களித்துப் பிரெஞ்சு இந்தியாவின் தலைவிதியைத் தீர்மானித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான உரிமை மட்டும் 1962 ஆகஸ்டு வரையில் பாரிஸில் தங்கியிருந்தது. இவ்வளவையும் நான் காரைக்கால் கடற்கரையில் நின்று விஸ்தாரமாக எடுத்துரைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, பிரெஞ்சு நாகரிகத்தின் உபாசகர் அங்கே இல்லை. வரி குறைவான சரக்கு விற்கும் கடையொன்றில், மிகுந்த பயபக்தியோடு, அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது சாவடியில் பையைச் சோதித்தார்கள். சகலை பிரெஞ்சுக் கலாசாரம் முழுவதையும் அங்கேயே ஒப்படைக்க நேர்ந்தது. இவ்வூர்களுக்குப் போக உத்தேசிக்கும் வாசகர்கள் காலை வெயில் ஏறுமுன் கோட்டையைப் பார்த்துவிடுங்கள். சகலையோடு போகிறவர்கள், காரைக்காலுக்குப் போகுமுன் பையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.