கங்காதர் ஏன் வேலைக்குப் போனார்? லிங்கராஜபுர மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பறக்கத் தெரிந்தவருக்கு பஸ் பாஸ் எதற்கு?

1997 செப்டம்பர் 13 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி 2005 மார்ச் 27 அன்று முடிந்த 'சக்திமான்' தொடரின் மையச் சிக்கல் இதுவே. நாயகர் ஐம்பூதங்களின் ஆற்றலும் யோக சித்தியும் கைவரப் பெற்றவர். நின்ற இடத்தில் சுழன்றால் வேண்டிய இடத்தில் போய் இறங்குவார். அப்பேர்ப்பட்டவர், பண்டித கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்காரநாத் சாஸ்திரி என்று ரேஷன் கார்டில் அடங்காத ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு, துருத்திய பல்லும் பெரிய கண்ணாடியுமாக, 'ஆஜ் கீ ஆவாஸ்' என்ற பத்திரிகையில் போட்டோ பிடிக்கும் வேலைக்குப் போகிறார். உலகத்தை ஏன் காப்பாற்றுகிறார் என்பதற்குத் தொடரிலேயே விடை உண்டு: சூரியாம்சிகள் எழுவர் அவரை அதற்காகவே தயார் செய்தார்கள். ஆபீசுக்கு ஏன் போகிறார் என்பதற்கு அந்த எழுவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை உடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுக் களம்

வடகிழக்குப் பெங்களூரில், காக்ஸ் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அருகே, ரயில் பாதையும் அதன்மேல் ஒரு மேம்பாலமுமாக உள்ள பகுதி லிங்கராஜபுரம். இங்கே வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ், பக்கத்து வீட்டில் தக்கனி உருது. தொடரோ இந்தி. இந்தி முழுக்கப் புரிந்த ஊர்களில் காட்டிய கதையை அப்படியே ஏற்றுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். அரைகுறையாகப் புரிந்த ஊரில்தான் ஒவ்வொரு பாத்திரமும் ஏன் இப்படிச் செய்கிறது என்று உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தது. இந்த ஆய்வுக்கு லிங்கராஜபுரத்தைத் தேர்ந்ததன் காரணம் அதுவே.

இவ்வட்டாரத்தில் இரண்டு விளக்க மரபுகள் தழைத்தன. முதலாவது உரையாசிரியர் மரபு. பக்கத்து வீட்டு உருதுக்காரப் பையனைக் கூட்டிவந்து டீவிக்கு முன்னால் உட்கார வைத்தால் அவன் உரை சொல்வான். பரிமேலழகருக்குக் கிடைக்காத வசதியாக அவனுக்கு இடையிடையே முறுக்கும் கிடைத்தது.

"என்னடா சொல்றான் அந்தக் கறுப்பு டிரஸ்காரன்?"

"இருட்டு இருக்கணுமாம் ஆன்ட்டி."

"எதுக்காம்?"

"அத சொல்லல. எப்ப வந்தாலும் இதையேதான் சொல்றான்."

இரண்டாவது மாடி மரபு. ஞாயிறு நடுப்பகல், பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பி, அடுப்பில் மட்டன் கொதிக்கும் நேரத்தில் படம் புள்ளி புள்ளியாகப் போகும். வீட்டின் மூத்த பிள்ளை மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவான். "வந்துச்சா?" என்று மேலிருந்து குரல். "வந்துச்சு, கையை எடுக்காத, அப்படியே நில்லு!" என்று கீழிருந்து உத்தரவு. அவன் அப்படியே நின்றான். படமே பார்க்காமல், படிக்கட்டு வழியாக மேலே வந்த சத்தத்தை மட்டும் வைத்துக் கதையைக் கட்டியவர்கள் இம்மரபினர். இவர்கள் முன்வைத்த கருதுகோள்கள் தொடரின் உண்மைக் கதையைவிடக் கோர்வையானவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

3. முன்னோர் மொழிந்தவை

பத்திரிகை ஆபீசில் ஒளிந்துகொள்ளும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் 1938இல் காமிக்ஸில் பிறந்த சூப்பர்மேன். கிளார்க் கென்ட் என்ற பெயரில் அவர் நிருபரானதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கே தீப்பிடித்தாலும் முதல் போன் பத்திரிகைக்குத்தான் வரும். 1962இல் வந்த ஸ்பைடர்மேனுக்கு வேறு நியாயம்: பீட்டர் பார்க்கர் கையில் காசில்லாத பையன். தன்னைத் தானே படம் பிடித்துப் பத்திரிகைக்கு விற்றுக் குடும்பத்தை ஓட்டுகிறான். பத்திரிகையை முன்னவரிடமும் கேமராவைப் பின்னவரிடமும் வாங்கிக்கொண்ட கங்காதர், காரணத்தை மட்டும் இருவரிடமும் வாங்க மறந்துவிட்டார். ஞானக்கண் உள்ளவருக்கு நிருபர் சொல்லித்தான் செய்தி தெரியவேண்டும் என்பதில்லை. கடன்காரர் எவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதாகவும் தெரியவில்லை.

வேடம் கலையாத மர்மம் வேறு. நளனைக் கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்து உருவத்தையே மாற்றிவிட்டது. அப்படியும் தமயந்தி அவன் சமைத்ததை ருசி பார்த்தே ஆளைப் பிடித்துவிட்டாள். இங்கே மாறியவை பல்லும் கண்ணாடியும் மட்டும். அதே ஆபீசில் நிருபராக இருந்த கீதா விஸ்வாஸ், துப்பறிவதையே பிழைப்பாகக் கொண்டவர், நெடுங்காலம் கண்டுபிடிக்கவில்லை. கங்காதர் ஒருநாளாவது டிபன் கட்டி வந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும் என்று உரையாசிரியர் மரபினர் கருதுகிறார்கள். தமிழ் ரசிகருக்கு இது பெரிய உறுத்தல் இல்லை. கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்ற ஒப்பந்தத்தில் அவர் எம்.ஜி.ஆர். காலத்திலேயே கையெழுத்திட்டுவிட்டார்.

உறுத்துவது மகாபாரதம். பாண்டவர் பதின்மூன்றாம் ஆண்டில் விராட நகரில் மறைந்திருந்தார்கள். அர்ச்சுனன் நாட்டியம் கற்பித்தான், பீமன் கரண்டி பிடித்தான். எவனாவது அடையாளம் கண்டுவிட்டால் மறுபடி பன்னிரண்டு ஆண்டு காடு. ஆக, வேடம் என்றால் அது கலைந்தால் ஒரு தண்டனை இருக்கவேண்டும். கங்காதரின் வேடம் கலைந்தால் அவருக்கு என்ன நட்டம்? இக்கேள்வியை இங்கே நிறுத்தி வைப்போம்; ஆறாம் பகுதியில் தேவைப்படும்.

4. எதிர்நாயகனின் உள்நோக்கம்

அந்தக் கறுப்பு டிரஸ்காரனான தம்ராஜ் கில்விஷின் ஒரே கொள்கை இருள் நிலைக்கவேண்டும் என்பது. இருட்டால் அவனுக்கு என்ன லாபம் என்று தொடர் விளக்கவில்லை. ஆகவே லாபம் அடைபவர் யார் என்று தேடும் பொறுப்பு ஆய்வுலகத்தின் தலையில் விழுந்தது. கரண்ட் போன மாலைகளில் இதைத் திண்ணையில் உட்கார்ந்து விரிவாக விவாதித்திருக்கிறார்கள். கில்விஷுக்கு மெழுகுவத்திக் கடை இருக்கவேண்டும் என்பது ஒரு பிரிவு. மெழுகுவத்தியில் அவ்வளவு லாபம் வராது, இன்வர்ட்டர் ஏஜென்சிதான் என்பது பின்னால் தோன்றிய சீர்திருத்தப் பிரிவு.

மூன்றாவது பிரிவினர் நடிகர்களின் பூர்வாசிரமத்தை ஆராய்ந்தனர். சக்திமானாக வந்த முகேஷ் கன்னா, பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த் தொடரில் பீஷ்மர். கில்விஷாக வந்த சுரேந்திர பால் அதே தொடரில் துரோணர். குருக்ஷேத்திரத்தில் முதல் பத்து நாள் சேனாபதி முன்னவர், அடுத்த ஐந்து நாள் பின்னவர். ஒரே அணியில் இருந்தவர்கள் ஏன் இப்படி ஜென்மப் பகையாளிகளானார்கள்? பதினோராம் நாள் காலை சார்ஜ் ஒப்படைத்தபோது ஏதோ தகராறு நடந்திருக்கவேண்டும் என்பது இவர்கள் முடிவு. அரசாங்க உத்தியோகம் பார்த்த எவரும் இதை மறுக்கவில்லை.

கில்விஷ் தன் அடியாட்களை ஒரே நாளில் மொத்தமாக அனுப்பாமல் ஒவ்வொருவராக அனுப்பித் தோற்பது வியூகப் பிழை என்று நவீனர் குறை சொல்லலாம். சூரபத்மனும் அதைத்தான் செய்தான். தாரகன், பானுகோபன், சிங்கமுகன் என்று வரிசையாகப் பறிகொடுத்துவிட்டுக் கடைசியில்தான் தானே வந்தான். கந்தசஷ்டி கொண்டாடும் மக்களுக்கு இதில் ஆட்சேபணை இல்லை. ஆறு நாள் ஓடவேண்டிய திருவிழாவை முதல் நாளே முடித்துவிட்டால் பலூன்காரன் எங்கே போவான்?

5. தாய்மாரின் நோக்கம்

கதை முடிந்ததும் சக்திமான் குழந்தைகளுக்குப் புத்தி சொல்வார். தப்புச் செய்த பிள்ளை "ஸாரி சக்திமான்" என்று தலைகுனியும். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தான விளையாட்டில் இறங்கியதாக அந்நாளில் செய்திகள் வந்து பெரிய சர்ச்சையானது. என்னைப் பார்த்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள் என்று நாயகரே திரையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

தொடரில் தெளிவான உள்நோக்கத்தோடு இயங்கிய ஒரே தரப்பு திரைக்கு வெளியே இருந்தது. அது தாய்மார். புத்திமதிப் பகுதியின் இந்தி யாருக்கும் சரியாகப் புரியாததால் அதன் பொருளை அவர்களே நிர்ணயித்தார்கள். "பாரு, சுரைக்காய் சாப்பிடச் சொல்றாரு" என்றால் மறுத்துப் பேச ஆதாரம் கிடையாது. உரையாசிரியப் பையன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் அவன் கையில் இன்னொரு முறுக்கு வைக்கப்பட்டது.

6. லிங்கராஜபுரக் கோட்பாடு

இனி மூலக் கேள்வி. இதற்கு விடை கண்டவர்கள் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். முதலிய ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள். பெங்களூர்த் தமிழரில் கணிசமானோர் இப்படிப்பட்ட ஆலைகளால் வளர்ந்தவர்கள். மனித நடத்தைக்கு இவர்கள் தேடும் முதற்காரணம் பி.எஃப்., இரண்டாவது கிராஜுவிட்டி.

பஸ் ஸ்டாப்புப் பெஞ்சில் ஒரு பெரியவர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். முதல் ஒளிபரப்பு நாளைப் பணியில் சேர்ந்த நாளாகவும் கடைசி நாளை ஓய்வாகவும் கொண்டால், கங்காதரின் சேவை 7 ஆண்டு, 6 மாதம், அதற்கு மேல் இரண்டு வாரம். அன்று நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டப்படி ஐந்தாண்டு தாண்டினால் தகுதி உண்டு. கடைசியில் மிஞ்சுவது ஆறு மாதத்தைக் கடந்தால் அதுவும் முழு ஆண்டு. ஆக 8 ஆண்டு. ஆண்டுக்கு 15 நாள் சம்பள வீதம் 120 நாள் சம்பளம். பத்திரிகையாளருக்கென்றே அன்று இருந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் பார்த்தாலும் எண்ணிக்கை மாறவில்லை.

"ரெண்டு வாரத்துக்கும் முன்னாடியே தொடரை நிறுத்தியிருந்தா ஏழாண்டுதான் கிடைச்சிருக்கும், பாத்தீங்களா? விவரமான ஆளு" என்றார். கடைசி நாளான 2005 மார்ச் 27 ஈஸ்டர் ஞாயிறு. இந்த வட்டாரத்தில் வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும் நாள். எனவே மாலை, சால்வை, கைக்கடிகாரம் எதுவும் இல்லாமலே அந்த ஓய்வு நடந்தேறிவிட்டது.

வருகைப் பதிவேடு இடிக்காதா என்றேன். ஆபத்து வரும்போதெல்லாம் சீட்டில் ஆள் இல்லையே. "வருஷத்துக்கு 240 நாள் இருந்தாப் போதும் தம்பி" என்று அதையும் தீர்த்து வைத்தார்.

பிறகுதான் அவர் கிராஜுவிட்டிச் சட்டத்தின் நான்காம் பிரிவுக்கு வந்தார். நிர்வாகத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்து, அதற்காக வேலையிலிருந்து நீக்கப்படும் தொழிலாளியின் கிராஜுவிட்டியை, சேத மதிப்பளவுக்குப் பிடித்துக்கொள்ளலாம். சக்திமான் சண்டை போட்டால் என்னவெல்லாம் உடையும் என்பது நாடறிந்தது. பத்திரிகை ஆபீசின் ஒரு ஜன்னல் அதில் போனாலும் பில் யார் பேருக்கு வரும்? உடைத்தவர் சக்திமான். சம்பளப் பட்டியலில் இருப்பவர் கங்காதர். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்காதவரை நிர்வாகத்தால் ஒரு பைசா பிடிக்க முடியாது.

மூன்றாம் பகுதியில் நிறுத்தி வைத்த தண்டனை இதுவே. பாண்டவருக்குப் பன்னிரண்டு ஆண்டு காடு, கங்காதருக்கு 120 நாள் சம்பளம்.

7. முடிவுகள்

ஒன்று: துருத்திய பல் வேடம் அல்ல, சட்டப் பாதுகாப்பு. இரண்டு: கில்விஷ் ஏழரை ஆண்டு இருளைப் பரப்ப முயன்றதற்குப் பதிலாக, பத்திரிகை நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டிருந்தால் ஜெயித்திருப்பான். மூன்று: இன்றைய சூப்பர்ஹீரோ தொடர்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இளவயதுத் துயரம், தந்தையோடு மனத்தாங்கல் என்று பகுதி பகுதியாகக் காரணம் சொல்லி, பார்ப்பவருக்கு யோசிக்க ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. இது பெஞ்சுப் பெரியவர்களின் வாழ்வாதாரத்தைப் பாதிப்பதால் தயாரிப்பாளர்கள் பாத்திரத்துக்கு ஓர் உள்நோக்கத்தையாவது சொல்லாமல் விடவேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. நான்கு: கங்காதரின் கிராஜுவிட்டி பட்டுவாடா ஆனதா என்று தொடரில் எங்கும் காட்டவில்லை. ஆகியிராவிட்டால் தாமதத்துக்கு வட்டியும் உண்டு. விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்துதர அந்தப் பெஞ்சு தயாராக இருக்கிறது. பெயர் எழுதும் கட்டத்தில் இடம் போதாது என்பதுதான் தற்போதைய சிக்கல்.